கரைக்கு மேற்கால

சவுக்குத்தோப்பில் பேருக்குக்கூட ஒரு சவுக்கு மரம் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ வைத்த தோப்பு ஏதோ ஒரு புயலில் படுத்து, ஊர் அடுப்புகளுக்கு விறகாகிப் போனது. பேர் மட்டும் அந்தப் பள்ளத்தில் தங்கிவிட்டது. புதுச்சேரி ஸ்டேஷனுக்குத் தெற்கே, உப்பளத்தைத் தாண்டி, டவுனுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது அந்த இடம். நாற்பது கூரை வீடு இருக்கும். பாகூர்ப் பக்கமும் தவளக்குப்பத்துப் பக்கமும் நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாமல் வேலைக்கு வந்த குடியானவர்கள்தான் முக்கால்வாசி. கோடியில், டவுன் வாடகை கட்டுப்படியாகாமல் வந்து சேர்ந்த முஸ்லிம் வீடுகள் சில.

புயலில் பழைய கடல்பாலம் உடைந்ததிலிருந்து கப்பல்கள் தூரத்தில் நின்றே சரக்கு இறக்கின. பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் நாலு வருஷம் ஆன சமயத்தில், தெற்கே புதுப்பாலம் போட ஆரம்பித்தார்கள். இரும்பையும் கருங்கல்லையும் மாட்டு வண்டியில் அடித்து மாளாது. அதனால் ஸ்டேஷனிலிருந்து கடற்கரை வரைக்கும் ஒரு சின்ன ரயில் பாதை. அது சவுக்குத்தோப்புக்குக் கிழக்கால், வீடுகளுக்கும் கடலுக்கும் குறுக்கே, மண்ணைக் கொட்டி உயர்த்திய கரைமேல் போகும் என்றார்கள்.

அந்தக் கரையைப் போட்டதே சவுக்குத்தோப்புதான். பாலத்து வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஓவர்சியர் தணிகாசலம் வந்து சொன்ன மறுநாளே ஆணும் பெண்ணும் மம்புட்டியும் மண் சுமக்கிற பாண்டுமாகப் போய் நின்றார்கள். கடலூர்க்காரர் அவர். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெற்றிலை போட்ட வாயோடு, யாரையும் நீ வா போ என்று பேசாத மனிதர்.

கொளஞ்சி மண் சுமந்தாள். விடிந்ததும் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ள ஒரு சின்ன வெங்காயம். பழஞ்சேலையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தால் உச்சிவெயில் வரைக்கும் இறக்கமாட்டாள். ஆண்கள் வெட்டிப் போட, பெண்கள் சுமந்து கொட்ட, பின்னாலேயே திமிசுக்கட்டையோடு இன்னொரு கூட்டம் அடித்து இறுக்கிக்கொண்டு வரும். அவள் புருஷன் நாராயணசாமி அந்தத் திமிசுக் கூட்டத்தில் இருந்தான். அவள் கொட்டிய மண்ணை அவன் அடித்தான் என்று மணியம்மாள் கேலி செய்வாள்.

"பொண்டாட்டி மேல உள்ள கோவத்தையெல்லாம் மண்ணு மேல காட்றான் பாரு. கரை நூறு வருஷம் நிக்கும்."

மணியம்மாள் அறுத்துக்கட்டியவள். அம்பதைத் தாண்டியும் பாண்டு சுமப்பதில் இளசுகளுக்குச் சளைக்காதவள். வாய் மட்டும் யாருக்கும் அடங்காது. சவுக்குத்தோப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் அவள் கையில்தான் பூமிக்கு வந்தன.

கரை மார்பு உயரத்துக்கு எழும்பியபோதுதான் ஊருக்குள் முணுமுணுப்பு வந்தது. நல்ல தண்ணீர்க் கிணறு கரைக்கு அந்தண்ட போய்விட்டது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். ஆடு மாடு ஏற மறுத்தது. பெண்கள் காலைக்கடனுக்கு ஒதுங்குகிற இடமும் அந்தண்டதான். ஆனாலும் சாயங்காலமானால் அந்தக் கரைமேல்தான் ஊர் உட்கார்ந்தது. அதுவரைக்கும் பள்ளத்தில் புழுங்கிக் கிடந்தவர்களுக்குக் கடல் காற்று முகத்தில் அடித்தது. கப்பல் விளக்கு தெரிந்தது. திட்டிக்கொண்டே ஏறியவர்கள் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மழைத் தண்ணீர் கடலுக்கு ஓடுகிற வாய்க்கு நேராக மட்டும் கரையில் ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள். அங்கே பெரிய குழாய் பதிக்க வேண்டும். குழாய் மதராசிலிருந்து வரவேண்டும். வரவில்லை. பாலத்துக்கு இரும்பு வந்து ஸ்டேஷனில் குவிந்துவிட்டது. ஐப்பசிக்குள் ஒரு தடவையாவது வண்டி ஓடியாக வேண்டும் என்று மேலே இருந்து ஒரே நெருக்கல். இப்போதைக்கு மண்ணைப் போட்டு மூடிவிடலாம், குழாய் வந்ததும் தோண்டிப் பதித்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தணிகாசலமும் சரி என்றார். நாராயணசாமியும் சரி என்றான். கூடுதல் வேலை கிடைத்ததே என்று ஊரும் சந்தோஷமாக மண் சுமந்தது. குழாய் எப்போது வரும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

கரையின் மேல் கட்டை பரப்பி, தண்டவாளம் பூட்டி, ஜல்லி கொட்டியானதும் நாராயணசாமிக்கு ஒரு காக்கிச் சட்டை வந்தது. லைன் காவல். கரையில் மண் சரிகிறதா, கட்டையை யாராவது உருவுகிறார்களா என்று பார்க்க வேண்டும். சாமான் ஏற்றித் தள்ளுகிற டிராலியும் அவன் பொறுப்பில். முதல் வண்டி ஓடிவிட்டால் வேலை நிரந்தரம், டவுன் பக்கம் ஓட்டுவீடும் கொடுப்பார்கள் என்று தணிகாசலம் சொல்லியிருந்தார். மகள் சந்திரகலாவுக்கு அங்கிருந்து பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். கொளஞ்சி அந்தச் சட்டையை வாரம் ஒருமுறை சவுக்காரம் போட்டுத் துவைத்து, வடிகஞ்சி தோய்த்துக் காயவைத்தாள். நாராயணசாமி அதைப் போட்டுக்கொண்டு கரைமேல் நடக்கிறபோது தெரிந்தவர்களைக்கூடக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது போலப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

முதல் வண்டி ஐப்பசியில் ஓடவில்லை. எஞ்சின் வரத் தாமதம். கார்த்திகை பிறந்தது. மழைதான் முதலில் வந்தது.

அது புயல் மழை அல்ல. காற்று இல்லை, இடி இல்லை. வானம் சாம்பல் பூத்தாற்போல இறங்கி நின்றுகொண்டு நிதானமாக ஊற்றியது. முதல் நாள் பிள்ளைகள் கூத்தடித்தன. மறுநாள் தெருவில் கணுக்கால் தண்ணீர். அதற்கும் மறுநாள் அது வடியாமல் முழங்காலைத் தொட்டபோதுதான் எல்லாரும் கிழக்கே பார்த்தார்கள். உப்பளத்துத் தண்ணீர், டவுன் தண்ணீர், எல்லாம் பழகிய வழியிலேயே வந்து, கரையில் முட்டி நின்றுகொண்டிருந்தது. கரைக்கு அந்தண்ட மணல் நனைந்து கிடந்ததோடு சரி.

ஊர் கரைமேல் ஏறியது. வேறு மேடு கிடையாது. கட்டில், பானை, கோழிக்கூடை, ஆடு, நெல் மூட்டை எல்லாம் தண்டவாளத்தின் மேலேயே வந்து உட்கார்ந்தன. கோணிச்சாக்கைக் குடலையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் ஜல்லிக் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தார்கள். விறகு ஈரம். புகை கண்ணைக் கரித்தது. இருந்த அரிசியை எல்லாம் ஒரே அண்டாவில் போட்டுக் கஞ்சி காய்ச்சினார்கள். யார் வீட்டிலிருந்தோ வாளைக் கருவாடு வந்தது. சுட்ட கருவாட்டு வாசனையில் பசித்த பிள்ளைகள் அடங்கி உட்கார்ந்தன.

"தண்ணிய நிறுத்துனதும் இந்தக் கரைதான், நம்மள நிறுத்தி வச்சிருக்கறதும் இந்தக் கரைதான். இத வையறதா கும்புடறதான்னு தெரியல" என்றாள் மணியம்மாள்.

காலையில் தணிகாசலம் குடையோடு கரைமேல் நடந்து வந்தார். வேட்டி முழங்காலுக்கு மேலே சேறாக இருந்தது. நின்று பள்ளத்தைப் பார்த்தார்.

"வெட்டி வுட்டுடலாமா ஓவர்சியரே?" என்று ஒருவன் கேட்டான்.

"நான் சொன்னா நாளைக்கு என்ன கேப்பாங்க. நீங்க செஞ்சா உங்கள புடிப்பாங்க. எஞ்சினியருக்கு விஷயத்தச் சொல்லி உத்தரவு வாங்கியாறேன். அது வரைக்கும் பொறுங்க. நாராயணசாமி, பாத்துக்க."

"சரிங்க" என்றான் நாராயணசாமி. காக்கிச் சட்டை அவன் உடம்போடு ஒட்டிக்கிடந்தது.

ஓவர்சியர் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மொய்னுதீன் ஓடிவந்தான். பஞ்சு மெத்தை தைக்கிறவன். வீட்டில் அடுக்கியிருந்த இலவம்பஞ்சை எல்லாம் தோளில் சுமந்து கரையேற்றிக்கொண்டிருந்தவன், கடைசி மூட்டையைப் போட்ட கையோடு மணியம்மாள் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, நிஷாவுக்கு வலி வந்துடுச்சி. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

அவன் பெண்சாதி ஜஹபர் நிஷாவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து நின்ற பிள்ளை. கட்டிலுக்குச் சுற்றிலும் புடவையைக் கட்டி மறைத்திருந்தார்கள். கொளஞ்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லிட்டு, கெட்டியாகப் பற்றியது. மணியம்மாள் வயிற்றைத் தடவினாள். ஒருமுறை, மறுமுறை, இன்னொரு பக்கமாக.

மறைப்புக்கு வெளியே வந்து மணியம்மாள் தணிந்த குரலில் சொன்னாள். "புள்ள குறுக்கால கெடக்கு பாய். எங்கையில ஆவற காரியம் இல்ல. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுக்கினு போயிடு."

"எப்பிடிக்கா? ரோட்டுல இடுப்பளவு தண்ணி. வண்டி எதுவும் வராதே."

எல்லாரும் ஒரே சமயத்தில் நாராயணசாமியைப் பார்த்தார்கள். அவன் டிராலியைப் பார்த்தான். அது சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உத்தரவு இல்லாமல் அதை நகர்த்தக்கூடாது. சாவி அவன் அரைஞாணில் இருந்தது.

அவன் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான்.

மொய்னுதீனின் பஞ்சு மூட்டை ஒன்றைப் பிரித்து டிராலியில் பரப்பினார்கள். அதன்மேல் நிஷாவைப் படுக்க வைத்து, கூரையாகத் தார்ப்பாயைப் பிடித்துக்கட்டினார்கள். தண்டவாளத்தின் மேலிருந்த கட்டில்களும் அண்டாவும் மளமளவென்று ஓரம் போயின. ஸ்டேஷன் வரைக்கும் பாதை மேட்டில் போகிறது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைக்கும்.

நாராயணசாமி கொளஞ்சியைத் தனியாகக் கூப்பிட்டான்.

"நான் வர்ற வரைக்கும் யாரையும் மம்புட்டியத் தொட வுடாத. ஓவர்சியரு உத்தரவோட வந்துடுவாரு."

"சரி மாமா. நீ போ. அந்தப் பொண்ணு துடிக்கிது."

அவனும் மொய்னுதீனும் இன்னும் இரண்டு பேருமாகத் தள்ளினார்கள். சக்கரம் முனகி, பிறகு உருண்டது. மழைத் திரைக்குள் டிராலி மங்கி மறைகிற வரைக்கும் கொளஞ்சி பார்த்துக்கொண்டு நின்றாள்.

உச்சிப்பொழுது ஆயிற்று என்று வயிறுதான் சொன்னது. வானத்தில் அடையாளம் இல்லை. தணிகாசலம் வரவில்லை. தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. முதலில் யார் வீட்டுச் சுவரோ விழுந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஊறிய மண்சுவர் உட்கார்வதுபோல உட்கார்ந்தது. கூரை ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீரில் படுத்தது. அந்த வீட்டுக்காரி கரைமேல் நின்று "ஐயோ" என்று ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான். பிறகு அடுத்த வீடு. அதற்கடுத்தது. ஒவ்வொன்று விழும்போதும் கரைமேல் பேச்சு நின்று மறுபடி தொடங்கியது.

"அந்தியாவறதுக்குள்ள தோப்பே படுத்துடும்" என்றாள் மணியம்மாள்.

ஆண்கள் கொளஞ்சியின் முகத்தைப் பார்த்தார்கள். காவல்காரன் பெண்டாட்டி அவள். அவள் முன்னால் மம்புட்டியை எடுத்தால் நாராயணசாமிக்குத் துரோகம் செய்தது மாதிரி. எடுக்காவிட்டால் வீடு இல்லை.

கொளஞ்சி தன் வீட்டைப் பார்த்தாள். இன்னும் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் ஜன்னல் கட்டையைத் தொட்டிருந்தது. அவள் நினைப்பு வீட்டில் இல்லை. ஓவர்சியர் உத்தரவில்லாமல் வந்து, புருஷனும் திரும்பி வந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். அவன் இந்த ஊர்க்காரன். விழுகிற வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான். மம்புட்டியை அவனே எடுப்பான். காக்கிச் சட்டையோடு கரையை வெட்டினவன் என்று ஜெயிலில் போடுவார்கள். அவன் இல்லாத இந்த நேரம் இருக்கிறதே, இது போனால் வராது.

"டிராலி ஸ்டேஷன் போய்ச் சேந்திருக்குமா?" என்று கேட்டாள்.

"எப்பவோ போயிருக்கும்" என்றான் ஒருவன்.

கொளஞ்சி சேலையை வரிந்து கட்டினாள். ஒரு மம்புட்டியை எடுத்துக்கொண்டு, குழாய்க்காக விட்டு வைத்து மூடிய இடத்துக்கு நடந்தாள். அந்த இடம் அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். கடைசியாகப் போட்ட மண் அது, அழுத்தம் இறங்காத மண்.

"ஆம்பளைங்க யாரும் வராதீங்க. நாளைக்கு வேலைக்குப் போவணும் நீங்க."

மணியம்மாள் பாண்டை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். "வெட்டு. நானு அள்றேன். மண்ணு சொமக்கறதுல எனக்கு இன்னா புதுசா?" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் வந்தார்கள்.

ஜல்லியை ஒதுக்கி, கட்டைகளுக்கு நடுவே மண்ணைக் கொத்தினார்கள். முழங்கை அளவு ஒரு சிறு கால்வாய்தான் கொளஞ்சியின் கணக்கு. தண்ணீர் அதில் எட்டிப் பார்த்தபோது சின்னப் பிள்ளை தவழ்வதுபோலத்தான் வந்தது. அந்தண்ட இறங்கியதும் அதற்கு வேகம் வந்தது. "ஏய், நவுருங்க!" என்று மணியம்மாள் கத்தினாள். கொளஞ்சியின் காலடி மண் கரைந்தது. யாரோ அவள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணெதிரே கரை வாய் பிளந்தது. இரண்டு பக்கமும் பாளம் பாளமாகப் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஒரு வீடு போகிற அகலம் திறந்தது. மேலே தண்டவாளம் கட்டைகளோடு கொடிக்கயிறு மாதிரி தொங்கியது. செம்மண் தண்ணீர் ஓ என்று கடலைப் பார்த்துப் பாய்ந்தது.

அவள் இவ்வளவை நினைக்கவில்லை. வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஊர் கும்மாளம் போட்டது. பள்ளத்தில் தண்ணீர் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

நாராயணசாமி திரும்பி வந்தபோது மழை தூறலாகியிருந்தது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. காலி டிராலியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்தவன், வடக்குக் கரையில் உடைப்புக்கு முன்னால் நின்றான். தெற்குக் கரையில் கொளஞ்சி நின்றாள். நடுவில் தண்ணீர் இரைந்தது. கத்தினால்தான் கேட்கும்.

"நிஷாவுக்கு இன்னா ஆச்சி மாமா?"

அவன் தொங்குகிற தண்டவாளத்தைப் பார்த்தான்.

"மாமா! அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சி?"

"ஆம்பளப் புள்ள! வவுத்தக் கிழிச்சு எடுத்தாங்களாம்! ரெண்டு உசுரும் சொகம்! பாயும் கூட வந்தவங்களும் அங்கியே இருக்காங்க!"

கரைமேல் எல்லாரும் அல்லாவையும் அம்மனையும் கூப்பிட்டார்கள். மணியம்மாள் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"இது யாரு பண்ணது?" என்று அவன் கேட்டான்.



"நாந்தான்!" என்றாள் கொளஞ்சி.

"உங்கிட்ட இன்னா சொல்லிட்டுப் போனேன்?"

"சொன்ன மாமா. இந்தண்ட ஒண்ணொண்ணா வூடு வுழுந்துக்கினே இருந்துச்சி."

அவன் டிராலிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்தான். தண்ணீர் தணிந்தால்தான் இந்தண்ட வர முடியும். காலையிலிருந்து அவன் வயிற்றில் ஒன்றும் விழவில்லை என்று அவளுக்குத் தெரியும். கார்த்திகைக்குப் பிடித்து வைத்த பொரி உருண்டை இரண்டைத் துணியில் முடிந்து வீசினாள். தண்ணீரில் விழுந்து போயிற்று. இன்னொன்றைக் கல்லோடு சேர்த்து முடிந்து வீசினாள். அவன் காலடியில் போய் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்காத மாதிரி நின்றாள். ரொம்ப நேரம் கழித்து அவன் குனிந்து முடிச்சை அவிழ்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

மழை விட்ட பிறகு எஞ்சினியர் வந்தார். உடைப்பின் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். தண்ணீர் ஓடிய இடத்தில் மம்புட்டி விழுந்த தடம் எது, மழை அரித்த தடம் எது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

"எப்படி உடைஞ்சுது?" என்று கேட்டார்.

"வடிகாலு இல்லாத எடம் சார். தண்ணி முட்டி அறுத்துக்கிச்சி" என்றார் தணிகாசலம். அன்றைக்கு எஞ்சினியரைத் தேடித் துறைமுக ஆபீசுக்கும் டவுனுக்குமாக அலைந்து, கிடைக்காமல் இருட்டியபின் வெறுங்கையோடு திரும்பியவர் அவர். கொளஞ்சி ஓரடி முன்னால் வந்தாள். அவர் அவளைப் பார்க்காமலேயே குடையை நீட்டி வழி மறித்தார்.

எஞ்சினியர் தலையாட்டினார். உடைப்போடு அவர் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் டிராலி ஸ்டேஷன் வரைக்கும் போனதைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். உத்தரவில்லாமல் சர்க்கார் சாமானை எடுத்தது, காவலை விட்டுப் போனது, போன நேரத்தில் கரை உடைந்தது. நாராயணசாமியிடம் கேட்டபோது அவன் ஆமாம் என்றான். காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். ஓட்டுவீட்டுப் பேச்சும் அத்தோடு போயிற்று.

குழாய் அதற்கப்புறம் பத்தே நாளில் வந்தது. உடைப்பைத் தூர்க்க ஆள் எடுத்தார்கள். கொளஞ்சியும் மணியம்மாளும் அதே பாண்டோடு போய், அதே இடத்தில் மறுபடி மண் கொட்டினார்கள்.

"நல்ல பொழப்புடி நம்ம பொழப்பு. போடறதுக்கும் கூலி, எடுத்ததுக்கப்பறம் போடறதுக்கும் கூலி" என்று மணியம்மாள் சிரித்தாள். கொளஞ்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

நாராயணசாமி பாலத்து வேலைக்குக் கூலியாகப் போனான். கடல் தண்ணீரில் இடுப்பளவு நின்று இரும்புத்தூண் இறக்குகிற வேலை. வந்தால் குளிப்பான், சாப்பிடுவான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். சண்டை இல்லை. "உப்பு", "தண்ணி", "போறேன்" என்பதற்குமேல் வார்த்தையும் இல்லை. சந்திரகலா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டது. தை பிறந்தது. இடிந்த சுவர்களை ஊர் ஒன்றொன்றாக எழுப்பியது. முஸ்லிம் தெருவில் பிள்ளைக்குப் பேர் வைத்துச் சோறு போட்டார்கள். நாராயணசாமியை மொய்னுதீன் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அங்கே சிரித்த முகம் வீட்டுக்கு வந்ததும் அணைந்துபோயிற்று.

ஒரு சாயங்காலம் அவன் காலில் சிப்பி கிழித்து வந்தான். கொளஞ்சி மஞ்சளைச் சுட்டு எண்ணெயில் குழைத்துப் பற்றுப் போட்டாள். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"வேல போச்சேன்னு தானே இம்மாங் கோவம்? ஓவர்சியருகிட்ட போயி நாந்தான் வெட்னேன்னு சொல்லிடறேன் மாமா. உனுக்குத் திருப்பிக் குடுக்கறாங்களான்னு பாக்கலாம்."

"வேலைய வுடு. வேல மயிரு போச்சி." அவன் காலையே பார்த்துக்கொண்டு பேசினான். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல இல்ல நீ? நானு கரை பக்கம் நின்னுடுவேன்னு நெனச்சிட்ட. ஒரு சட்டையப் போட்டுக்கினா ஊர வுட்டுடுவானா இவன்னு உனுக்குத் தோணல. அதான் நான் போன நேரமாப் பாத்து..."

கொளஞ்சி பற்றுப் போட்ட கையை எடுத்தாள்.

"நானு அப்பிடியா நெனச்சேன்? நீ கரை பக்கம் நிப்பேன்னு நானு பயப்படல மாமா. எங்க பக்கம் நின்னுடுவேன்னுதான் பயந்தேன். வந்தா நீதான் மொத வெட்டு வெட்டுவ. உன்னப் புடிச்சிக்கினு போயிடுவாங்க. அதுக்குத்தான் நீ வர்றதுக்குள்ள வெட்னேன்."

நாராயணசாமி நிமிர்ந்து பார்த்தான். எவ்வளவோ நாளுக்குப் பிறகு நேராகப் பார்த்தான். அவள் மஞ்சள் அப்பிய விரல்களோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே ஆடு கத்தியது.

"சோறு ஆயிடுச்சா?" என்று கேட்டான்.

"ஆயிடுச்சி. நெத்திலிக் கொழம்பு."

"நீயும் போட்டுக்கினு வா. ஒண்ணா துன்னலாம்."

மாசியில் முதல் வண்டி ஓடியது. சின்ன எஞ்சின், பின்னால் நாலைந்து திறந்த பெட்டிகளில் இரும்பு. பிள்ளைகள் கூடவே ஓடின. நாலாவது நாளே கிணற்றுக்குப் போன வழியில் யாரோ ஒருத்தியின் பசுமாடு அடிபட்டது. ஊர் திரண்டு போய்க் கேட்டது. மாடு போன இடத்தில் நாளைக்கு மனுஷன் போவான், கரைமேல் ஏறுகிற இடத்தில் ஒரு கேட்டு வேண்டும், ஆள் வேண்டும். தணிகாசலம் எழுதிப் போட்டார். சம்மதம் வந்தது. அவரே வீட்டுக்கு வந்து சொன்னார்.

"இந்த ஊர் ஆளாத்தான் இருக்கணும், எந்நேரமும் கிட்டக்க இருக்கணும். உன் பேரப் போடத்தான் ஆச. ஆனா நாராயணசாமின்னு எழுதுனா ஆபீஸ்ல உடனே திருப்பி அனுப்புவான்."

நாராயணசாமி வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தவன், தலையைத் தூக்காமல் சொன்னான். "கொளஞ்சின்னு எழுதிக்கங்க."

"பொம்பளய எப்பிடிய்யா?"

"கொளஞ்சின்னு எழுதுனா ஆம்பளயா பொம்பளயான்னு கேக்கவா போறான்? எங்க பக்கம் ரெண்டுக்கும் அதே பேருதான். மணவாளநல்லூருக் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு வேண்டிக்கினு பொறந்தவ."

தணிகாசலம் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் புருஷனைப் பார்த்தாள்.

"செய்வியாம்மா?"

"மம்புட்டி புடிச்ச கையி. கொடி புடிக்காதா?"

துறைமுக ஆபீசில் குமாஸ்தா பேரைக் கூப்பிட்டார். "கொளஞ்சி! யாருய்யா கொளஞ்சி?" கொளஞ்சி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் போய் நின்றாள். குமாஸ்தா அவளுக்குப் பின்னால் ஆளைத் தேடினார். "உன் வூட்டுக்காரரு எங்கம்மா?" என்றார். "அவரு பாலத்து வேலைக்குப் போயிட்டாருங்க. கொளஞ்சி நாந்தான்" என்றாள். குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டுத் தணிகாசலத்தைப் பார்த்தார். தணிகாசலம் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு குமாஸ்தாவும் சிரித்தார். மாற்றி எழுத மறுபடி மேலே அனுப்ப வேண்டும், மறுபடி ஒரு மாசம் ஆகும். "ரயிலு வர்றப்ப தூங்கிடாதம்மா" என்று சொல்லிக் கொடிகளை எடுத்துக் கொடுத்தார்.

ஒருநாள் காலை. கிணற்றுக்குப் போகிற பெண்களும், மீன் கூடைக்காரிகளும், பஞ்சு வண்டியோடு மொய்னுதீனும் கரையடியில் சேர்ந்திருந்தார்கள். தூரத்தில் எஞ்சின் ஊதியது. கொளஞ்சி வழியை மறிக்கிற சங்கிலியை இழுத்து மாட்டிவிட்டுப் பச்சைக் கொடியோடு நின்றாள். வேலைக்கு நேரமாகிவிட்ட நாராயணசாமி சோற்றுத் தூக்கோடு வேகமாக வந்து, வழக்கமாக ஆண்கள் செய்வதுபோலச் சங்கிலிக்கு அடியில் குனிந்தான்.

"யாரு அது? நில்லு."

"நாந்தாம்மே. நேரமாயிடுச்சி."

"யாரா இருந்தாலும் நில்லு மாமா. வண்டி போவட்டும்."

மணியம்மாள் கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நாராயணசாமி நிமிர்ந்து, தூக்கை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நின்றான். எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு கடந்து போயிற்று.